ஓர்ப்படி வாங்கிய கரண்ட் கார்

அன்புக்கரசிக்குப் பொறாமை என்று அவள் காதுபடச் சொன்னால் என் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிடுவாள். அதனால் அந்த வார்த்தையை நான் அவள் எதிரில் எடுப்பதில்லை. ஒருமுறை வயிற்றெரிச்சல் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கே நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு என்ன குறைச்சல், நான் எதற்கு எரியணும் என்று கேட்பாள். கேட்கும்போதே கண் மட்டும் எதிரே அவள் வீட்டுக் காம்பவுண்டுக்குள் நிற்கும் வெள்ளைக் கார் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நான் எதிர்வீட்டுக்காரி. சொர்ணாம்பாள் என்பது பெயர், தெருவுக்கு சொர்ணக்கா. துணி தைப்பது தொழில். தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டிருப்பதால் அந்த வீட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இருக்காது. மிச்சத்தை அன்புக்கரசியே வந்து கொட்டிவிடுவாள். அவளுக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. அதுதான் அவள் குணம், அதுதான் அவள் கஷ்டமும்.

பிறந்தது கருவேப்பிலங்குறிச்சி. கரும்பும் நெல்லும் போடுகிற வீட்டுப் பெண். விருத்தாசலத்தில் பாண்டியனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பாண்டியனுக்கு செராமிக் எஸ்டேட்டில் சின்னதாக ஒரு ஷெட். வீட்டு கரண்ட் போர்டுகளில் மாட்டுகிற பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்கிறார்கள். பெயருக்குத்தான் முதலாளி பாண்டியன். சூளை பிரிக்கிற அன்றைக்கு அங்கே நின்று வேலை வாங்குவதும், உடைந்ததை ஒதுக்குவதும், லாரிக்காரனிடம் சண்டை போடுவதும் அன்புக்கரசி. அந்த எஸ்டேட்டில் அவள் குரல் கேட்டால் பக்கத்து ஷெட்டுக்காரர்களும் ஒழுங்காக வேலை பார்ப்பார்கள் என்று பாண்டியனே சொல்லிச் சிரிப்பார்.

ஒரே மகள், பாரதி. இன்ஜினியரிங் படித்து சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அன்புக்கரசிக்கு அடுப்பில் பால் பொங்குவது தெரியாது.

அந்த வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. மாமனார் கட்டிய வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்து அண்ணன் தம்பி இரண்டு பேரும் குடியிருக்கிறார்கள். சமையல் தனி, வாசல் தனி. போர் மோட்டாரும் மேல் டேங்க்கும் பொது. தம்பி மாணிக்கவேலுக்கு நெய்வேலியில் ஷிப்ட் வேலை, பாதி நாள் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் மனைவி வேல்விழி, எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு பையன் இருக்கிறான். கார் ஏறினால் வாந்தி எடுப்பான், அதனால் இந்தக் கதையில் அவன் ஏறவில்லை.

வேல்விழி ரொம்ப வருஷம் பஸ் மாறி மாறித்தான் வேலைக்குப் போனாள். பிறகு ஒரு நாள் லோன் போட்டு இந்தக் கரண்ட் காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். தினம் போய் வருகிற தூரத்துக்கு வீட்டில் செருகினாலே போதும் என்றாள். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய பிளக் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார் எலக்ட்ரீஷியன். ஆனால் இரண்டும் ஒரே லைன். மோட்டாரும் காரும் சேர்ந்து ஓடினால் டப்பென்று கட்டாகிவிடும். அதனால் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. மோட்டார் போடுகிறவர் கார் சுவிட்சை அணைக்க வேண்டும். டேங்க் நிரம்பியதும் மோட்டாரை அணைத்துவிட்டு, மறக்காமல் கார் சுவிட்சைப் போட வேண்டும். சாயந்திரத்தில் மோட்டார் போடுவது எப்போதும் அன்புக்கரசிதான்.

கார் வந்த அன்று ஆரத்தி எடுத்தவளும் அவள்தான். ஒழுங்காகத்தான் எடுத்தாள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள், தெருவில் நாலு பேரிடம் எங்க ஓர்ப்படி காரு வாங்கியிருக்கா என்று பெருமையாகவே சொன்னாள். ஓர்ப்படியிடம் கார் இருப்பது அவளுக்கு ஒரு குறையாகப் படவே இல்லை. பாரதி அந்தக் காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது.

கம்பெனியில் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று விட்டிருந்தார்கள். பாரதி வியாழக்கிழமை வந்தால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருப்பாள். சனிக்கிழமை ஆனால் சித்தியும் மகளும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒரு வாரம் நெய்வேலி, ஒரு வாரம் கடலூர் பீச், ஒரு வாரம் பாண்டிச்சேரி. தூரமாகப் போனால் நடுவில் சார்ஜ் போட்டுத்தான் திரும்ப வேண்டும். ஏதாவது ஓட்டல் வாசலிலோ கடை வாசலிலோ காரைச் செருகிவிட்டு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் டீ குடிப்பார்கள், பஜ்ஜி தின்பார்கள், போட்டோ எடுப்பார்கள். போட்டோவை பாரதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பாள். சார்ஜ் மிஷினுக்கு முன்னால் சித்தியும் அவளும் கன்னத்தோடு கன்னம் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அன்புக்கரசி அந்த ஸ்டேட்டஸை விரலால் அழுத்திப் பிடித்து நிறுத்தி என்னிடம் காட்டுவாள்.

"கார்ல போறதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நின்ன எடத்துல அவ்வளவு நேரம் என்னாதான் பேசறாங்க?"

அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வி. வீட்டில் பாரதி பேசுவது மூன்று வார்த்தை. சாப்பிட்டியா என்றால் ம். வேலை எப்படிப் போகுது என்றால் போகுது. கல்யாணத்தைப் பற்றி எடுத்தால் அப்புறம். அம்மாவிடம் மூன்று வார்த்தை பேசுகிறவள் சித்தியிடம் ஒரு மணி நேரம் பேசுகிறாள் என்றால், அம்மாவுக்குத் தெரியாத ஏதோ ஒன்று சித்திக்குத் தெரிகிறது என்றுதானே அர்த்தம்? பெற்றது நான், வளர்த்தது நான், சங்கதி தெரிவது மட்டும் அவளுக்கா? இதைச் சொல்லும்போது அன்புக்கரசியின் மூக்கு நுனி சிவந்துவிடும்.

நீயும் ஒரு தடவை கூடப் போயேன் என்று நான்தான் கிளப்பி விட்டேன். போனாள். கடலூரில் ஒரு கல்யாணம், மூன்று பேருமாகப் போனார்கள். முன்சீட்டில் பாரதி, பின்சீட்டில் இவள், மடியில் பலகாரப் பை. வண்டி சத்தமே போடாமல் போனது இவளுக்குப் பிடிக்கவில்லை. சத்தம் இல்லாததால் முன்னால் இருவரும் மெதுவாகப் பேசுவதும் கேட்டது, பேசுவது என்னவென்று புரியாததும் தெரிந்தது. ஏதோ செல்போனில் வந்த வீடியோவைப் பற்றிய பேச்சு. திரும்பி வரும்போது ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜ் போட்டார்கள். இவள் முறுக்கை எடுத்து நீட்டினாள். பாரதி, இப்பதானே கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டோம் என்றாள். கொஞ்ச நேரத்தில் சித்தி வாங்கி வந்த ஐஸ்கிரீமை வாங்கிச் சாப்பிட்டாள். அவ்வளவுதான். இனி அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று வந்து என் எதிரில் சபதம் போட்டாள். ஐஸ்கிரீமுக்காகவா இவ்வளவு கோபம் என்று கேட்டேன். உங்களுக்குப் புரியாதுக்கா என்றாள். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததால்தான் கேட்டேன்.

போன வருஷம் தை முடிந்து பாரதி வீட்டில் இருக்கிற நாள் அதிகமானது. வாரம் முழுக்கவே இருக்க ஆரம்பித்தாள். கம்பெனியிலேயே இப்படி விட்டுவிட்டார்கள் என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அன்புக்கரசி தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் எம்பொண்ணுக்கு மூச்சு விட நேரம் இல்ல, அவ்வளவு வேல என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மங்கலம்பேட்டையிலிருந்து ஷெட்டுக்கு ஃபியூஸ் கட்டை எடுக்க வந்த கடைக்காரர் வரைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள் பாரதி, திங்கட்கிழமை சென்னைக்குப் போகணும், ஆபீசில் பதினொரு மணிக்கு ஒரு மீட்டிங் என்றாள். அன்புக்கரசிக்கு ஒரு யோசனை வந்தது. மகளோடு ரயிலில் தானும் போவது, அவள் தங்கியிருக்கிற ஹாஸ்டலைப் பார்ப்பது, இரண்டு நாள் இருந்துவிட்டு வருவது. இத்தனை வருஷத்தில் அந்த அறையை அவள் பார்த்ததே இல்லை. சூளை, லோடு என்று எப்போதும் ஏதாவது தடை. இந்த முறை பாண்டியனிடம் சொல்லியும்விட்டாள். பஜாருக்குப் போய்ப் புதுப் பை ஒன்று வாங்கினாள். இரண்டு புடவைக்கு என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள், அவசரம் என்றாள். ரயில் போகும் நேரத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டு போகலாம், அங்கே சித்தி வந்து குறுக்கே உட்கார முடியாது என்று கணக்குப் போட்டிருந்தாள்.

பாரதியிடம் சொன்னபோது அவள் முகம் மாறிவிட்டது. நீ எதுக்கும்மா, அலைச்சல் என்றாள். ஹாஸ்டலில் வெளியாட்களை விட மாட்டார்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், வேல்விழியோடு வேலை பார்க்கிற நர்ஸின் மகளுக்குச் சென்னையில் கல்யாண ரிசப்ஷனாம், அதே திங்கட்கிழமையாம், பாரதி அவளோடு காரில் போகிறாளாம். விடியற்காலை கிளம்பி வழியில் ஒரே ஒரு இடத்தில் சார்ஜ் போட்டால் பத்து மணிக்கெல்லாம் போய்விடலாமாம். இதையெல்லாம் அன்புக்கரசிக்குச் சொன்னது மகள்கூட இல்லை, தூக்கத்திலிருந்து எழுந்து வந்த மாணிக்கவேல்.

எனக்கு அலைச்சல், அவளுக்கு அலைச்சல் இல்லையா? இதை என்னிடம் கேட்டாள். கேட்க வேண்டியவளிடம் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் வேல்விழி காரைக் கொண்டுவந்து செருகினாள். கோயிலுக்கும் பஜாருக்கும் அலைந்ததில் சார்ஜ் பாதிக்கும் கீழே இருந்தது. இரவெல்லாம் ஏறினால் காலையில் நிறைந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அன்புக்கரசி வழக்கம்போல வந்து கார் சுவிட்சை அணைத்து மோட்டாரைப் போட்டாள். டேங்க் நிரம்பி வழிந்தது. மோட்டாரை அணைத்தாள்.

பிறகு என்ன ஆனது என்பதை அவளே பின்னால் எனக்குச் சொன்னாள். "கை போச்சுக்கா. சுவிட்சு கிட்ட போன கை திரும்பி வந்துடுச்சு."

அவளுக்குப் பெரிய திட்டம் எதுவும் இல்லை. காலையில் கார் கிளம்ப முடியாமல் நிற்க வேண்டும். பாரதி உள்ளே வந்து, அம்மா, ரயிலிலேயே போகலாம், நீயும் வா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காக விடியும் முன்பே எழுந்து தலைக்குக் குளித்து, புது ஜாக்கெட் போட்டு, பூ வைத்து, புதுப் பையைக் கட்டி வாசல் கதவுக்குப் பின்னால் தயாராக வைத்திருந்தாள். கோலம் போட வெளியே வந்த நான் அவள் அலங்காரத்தைப் பார்த்து, ஊருக்குக் கிளம்பிவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வேல்விழி காரில் ஏறி உட்கார்ந்ததும் திகைத்துவிட்டாள். இறங்கி வந்து சுவிட்சைப் பார்த்தாள். அது அணைந்திருந்தது. அன்புக்கரசியைப் பார்த்தாள். பிறகு, நான்தான் போடாமல் விட்டுவிட்டேன் போலிருக்கிறது என்று நெற்றியில் தட்டிக்கொண்டாள். அவள் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. நர்ஸ் முகம், எதையும் காட்டாது.

பரவாயில்லை, உளுந்தூர்பேட்டை வரைக்கும் போகும், அங்கே ஹைவேயில் ஏற்றிக்கொள்ளலாம், அரை மணி நேரம் முன்னே பின்னே ஆகும் என்றாள். பாரதி ஓடி வந்து ஏறினாள். அம்மா ஏன் பூ வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை. கார் போய்விட்டது. அது போகும்போதும் சத்தம் கேட்காது. அன்புக்கரசி கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்ப் பையைப் பிரித்துப் புடவைகளைத் திரும்ப அடுக்கினாள்.

உளுந்தூர்பேட்டையில் நடந்ததைப் பாரதி எனக்குச் சொன்னாள், ரொம்ப நாள் கழித்து, சுடிதார் தைக்கக் கொடுக்க வந்தபோது.

ஹைவே ஓட்டல் வாசலில் இரண்டு சார்ஜ் மிஷின் இருந்தது. ஒன்று செத்துக் கிடந்தது. இன்னொன்றில் ஒரு பெரிய கறுப்புக் கார் செருகியிருந்தது. அந்தக் காருக்கு உரியவர்கள் குடும்பத்தோடு உள்ளே பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேல்விழி போய்க் கேட்டாள். மதுரை வரைக்கும் போகணும், நிறைந்துவிடட்டும், இன்னும் பத்து நிமிஷம் என்றார் அந்த மனிதர். கடைசிக் கொஞ்சம் ஏறுவதற்குத்தான் அந்த மிஷின் நேரம் எடுக்கும். பத்து நிமிஷம் இன்னொரு பத்து நிமிஷம் ஆனது. அவர்கள் காப்பி குடித்தார்கள். குழந்தைக்கு முகம் கழுவி விட்டார்கள். ஒருவழியாக அவர்கள் எடுத்ததும் இவர்கள் செருகினால், மிஷின் கொஞ்சம் ஏற்றிவிட்டு நின்றுபோனது. திரும்ப ஆரம்பிக்கச் செல்போனில் என்னவெல்லாமோ கேட்டது. உதவிக்கு என்று எழுதியிருந்த நம்பருக்குப் போட்டால் பாட்டுப் பாடியது. வேல்விழி பதறவில்லை. ஆபீசுக்குக் கொஞ்சம் லேட்டாகப் போனால் என்ன, ஒரு போன் பண்ணிச் சொல்லிவிடு என்று வடை வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். பாரதி வடையைத் தொடவில்லை. சென்னை பஸ்கள் ஒவ்வொன்றாக முன்னால் போய்க்கொண்டிருந்தன. அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தபோது நேரம் கடந்துவிட்டது. இனி பறந்து போனாலும் பதினொரு மணிக்குப் போக முடியாது. அப்போதுதான் அவள் அழுதாள்.

"சித்தி, எனக்கு ஆபீஸே இல்ல. தை மாசமே அனுப்பிட்டாங்க. இன்னைக்குப் போறது வேற கம்பெனில இன்டர்வியூவுக்கு."

ஹாஸ்டலையும் எப்போதோ காலி செய்திருந்தாள். பெட்டி ஒரு தோழி வீட்டில் கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பில் பார்த்த வேலை, வேலை தேடுகிற வேலை. வேல்விழி தலையில் கை வைத்துக்கொண்டாள். இதை ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் வந்ததுமே பஸ் ஏற்றி விட்டிருப்பேனே பாப்பா என்றாள். பாரதிக்கு அதுவும் தெரிந்துதான் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

இங்கே ஒன்றை நான் நிறுத்திச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அந்தச் சார்ஜ் நேரங்களில் சித்தியும் மகளும் ஒரு ரகசியமும் பேசியதில்லை. பாரதி சத்தியம் பண்ணினாள். சினிமா, செல்போன் வீடியோ, யார் எந்த நிறத்தில் புடவை எடுத்தார்கள், இதுதான் பேச்சு. சித்திக்கு எதுவும் தெரியாது. அன்புக்கரசி அத்தனை மாதமாக எதை நினைத்து வெந்துகொண்டிருந்தாளோ, அது இல்லவே இல்லை. அவள் அந்த சுவிட்சைப் போடாமல் விட்டதால்தான் அது நடந்தது. மகளின் ரகசியத்தை ஓர்ப்படி மடியில் கொண்டுபோய்ப் போட்டது அவள் கைதான்.

இரண்டு பேரும் மத்தியானம் திரும்பி வந்தார்கள். ரிசப்ஷன் வேண்டாம் என்று வேல்விழி விட்டுவிட்டாள். வாசலில் பாண்டியன், மாணிக்கவேல், அன்புக்கரசி எல்லாரும் இருந்தார்கள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு வேல்விழி, என் தப்புதான், சார்ஜ் போட மறந்ததால் பாப்பாவின் மீட்டிங் கெட்டுவிட்டது என்றாள். இன்டர்வியூவைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாரதி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு சித்தி. வேணும்னா பண்ணுன? மறந்துட்ட, அவ்வளவுதான்."

அன்புக்கரசி சொம்பில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தாள். தப்பித்தோம் என்று நினைத்திருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். இவள் அன்புக்கரசி ஆயிற்றே. மகள் ஓர்ப்படியின் கையைப் பிடித்தது மட்டும்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் வந்த நாட்களில் பாரதி சித்தியைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். சித்தி தன்னால் ஆனதென்று வருந்துகிறாளே என்று அவளுக்குக் கஷ்டம். காலையில் காரைத் துடைத்துக் கொடுத்தாள். டியூட்டிக்குக் கிளம்பும்போது பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அன்புக்கரசி இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஷெட்டில் நல்ல கட்டையை உடைசலில் போட்டாள், உடைசலை நல்லதில் போட்டாள். பாண்டியன் என்னிடம் வந்து, அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தார்.

ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்கு வந்து மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சுவிட்ச் வரைக்கும் கை போய்த் திரும்பி வந்த கதையை அழுதுகொண்டே சொன்னாள். நான் தையலை நிறுத்திவிட்டேன். குற்ற உணர்ச்சியில் அழுகிறாள் என்று நினைத்து, சரி விடு, யாருக்கும் தெரியாது, அப்படியே போகட்டும் என்றேன்.

"தப்பு பண்ணுனது நானு. மன்னிப்பு வாங்கறது அவளா? அது எனக்கு வர வேண்டியதுக்கா."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உலகத்தில் சொத்துக்குப் பொறாமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நகைக்கு, புருஷனுக்கு, பிள்ளையின் மார்க்குக்குப் பொறாமைப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தவளுக்குக் கிடைத்த மன்னிப்புக்குப் பொறாமைப்படுகிற ஒருத்தியை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மகள் அவளை அப்படிக் கையைப் பிடித்துப் பேசி எவ்வளவு காலம் ஆயிற்றோ தெரியாது. போய் உண்மையைச் சொல் என்று நான் சொல்லவில்லை. அவளே எழுந்து போனாள். நியாயத்துக்காகப் போகவில்லை, அதை நான் நிச்சயமாகச் சொல்வேன். தன் பங்கை வாங்கிக்கொண்டு வரப் போனாள்.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பாரதியின் குரல் கேட்டது. அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டென்று தெருவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர்வீடு என்பதால் வார்த்தை வார்த்தையாக எனக்குக் கேட்டது. காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

ரகசியம் முழுவதும் அந்தக் கத்தலில் வெளியே வந்தது. வேலை போனது, ஹாஸ்டல் காலியானது, இன்டர்வியூ, உளுந்தூர்பேட்டையில் அழுதது. அன்புக்கரசி ஏதோ சொல்ல வந்தாள். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்று ஆரம்பித்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"உன்கிட்ட எப்புடிம்மா சொல்றது? வேல கெடச்சப்ப தெருவெல்லாம் லட்டு குடுத்த. போனப்ப என்னாத்த குடுத்திருப்ப?"

அதற்கப்புறமும் நின்றபாடில்லை. சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்ததெல்லாம் வந்தது. மார்க்கைப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டது, பிடிக்காத நிறத்தில் பாவாடை தைத்தது, தோழியோடு போனில் பேசினால் பின்னால் வந்து நின்றது. சித்தி மேல உனக்குப் பொறாமை, அந்தப் பொறாமையில என் தலையில கல்லைப் போட்டுட்ட என்றாள். நான் இத்தனை மாதம் வாயில் எடுக்காமல் வைத்திருந்த வார்த்தையை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். ஏதோ பாத்திரம் உருண்ட சத்தம். கதவு அறைந்து சாத்துகிற சத்தம். பக்கத்து வாசலில் வேல்விழி டியூட்டி முடிந்து வந்து நின்றவள், உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியாமல் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அன்புக்கரசி உடைந்துபோய்க் கிடப்பாள் என்று நினைத்து ஒரு டம்ளர் மோர் கலந்து வைத்தேன். பொழுது சாய்கிற நேரத்தில் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு மோரை ஒரே மடக்கில் குடித்தாள். பாரதி சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் எனக்கு ஒப்பித்தாள், நான் கேட்டதே இல்லை என்பதைப்போல. பாவாடைச் சங்கதியைச் சொல்லும்போது, பாருங்கக்கா, ரெண்டாவது படிக்கறப்ப தச்சது, இன்னும் ஞாபகம் வச்சிருக்கா என்றாள். அதில் வருத்தம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேறு ஒன்றும் இருந்தது. நகைக் கடையில் வாங்கிய புதுச் சங்கிலியைக் காட்டுகிறவள் குரல் எப்படி இருக்கும், அப்படி.

மன்னித்தாளா என்று கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். மூஞ்சியில் முழிக்காதே என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டவள் இன்னும் திறக்கவில்லையாம். சாப்பிடவும் இல்லையாம். சித்தி போய்த் தட்டியதற்கு, சித்தி, நீ போ, இது எனக்கும் எங்க அம்மாவுக்கும் உள்ளது என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டாளாம்.

அந்த வார்த்தையை அன்புக்கரசி என்னிடம் இரண்டு முறை சொன்னாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"வேல்விழிய அவ என்னைக்காவது இப்புடி திட்டியிருப்பாளாக்கா?"

இல்லை என்றேன். திட்ட மாட்டாள் என்றேன். அதைக் கேட்டுக்கொண்டு எழுந்தாள். மகள் கதவைத் திறந்ததும் இன்னும் மிச்சம் இருப்பதைத் திட்டுவாள், சூடாக ஏதாவது செய்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தெருவைத் தாண்டி வேகமாக வீட்டுக்குப் போனாள்.